தோமினிக்கின் பைக்கில் இறங்கிய காற்று

மல்லசமுத்திரத்தில் லாரிகளுக்கு ஏர் பிரேக் பார்க்கும் தோமினிக், தன் பழைய பைக்கில் காற்று இறங்க இறங்கத் தரையை விட்டு மேலே போய்க்கொண்டிருந்தார். முதல் நாள் நாலு விரற்கடை உயர்ந்தார். அன்றைக்கு முட்டை விலையும் ஏறியிருந்ததால் ஊரில் முட்டையைப் பற்றித்தான் பேச்சு. பைக் நெடுந்தூரப் பயணத்துக்கென்று வெளிநாட்டில் செய்தது, எருமைக் கனம். பின்பக்க ஷாக் அப்சார்பருக்குள் அடைத்த காற்றுதான் பாரத்தைத் தாங்கும். அது போனால் வண்டி படுத்துவிடும். ஓடுகிற லாரியின் சத்தத்தை வைத்தே கசிவைக் கண்டுபிடிப்பேன் என்று ஊரெல்லாம் அளந்துவைத்திருந்த மனுஷன், சொந்த வண்டியில் கோட்டை விட்டார். ரப்பர் சீல் மாற்றினார், வால்வை மாற்றினார். சோப்பு நுரை தடவித் தடவி வண்டி குளித்ததுதான் மிச்சம், ஒரு குமிழிகூட வரவில்லை.

அதற்குள் மகள் ஜெனிட்டாவின் கல்யாணம் நெருங்கிவிட்டது. அவள் கேட்டது ஒன்றே ஒன்று. "கோயிலுக்குள்ள என் கையப் புடிச்சுட்டுத் தரையில நடந்து வாங்கப்பா, அது போதுமுங்க."

கசிவைக் கண்டுபிடித்தது அரிசி புடைத்துக்கொண்டிருந்த மனைவி சோபியா. காற்று சரியாக இருக்கிறதா என்று தோமினிக் அழுத்தம் அளக்கும் கேஜை வைக்கும்போதெல்லாம் புஸ்ஸென்று ஒரு சத்தம் வந்தது. "ஏனுங்க, நீங்க பாக்கறப்பத்தான் போகுது. பாக்காம இருங்க." ஷாக்குக்குள் இருப்பதே ஒரு கைப்பிடிக் காற்று, அதையும் நாளெல்லாம் அளந்து அளந்து வெளியே விட்டது தானேதான் என்று தெரிந்ததும் தோமினிக்குக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. காற்றடித்தார், தரைக்கு இறங்கினார், இனித் தொடுவதில்லை என்று மாதா மேல் சத்தியம் செய்தார்.

கல்யாணத்தன்று காலை கோட்டு போட்டதும் கை சும்மா இருக்கவில்லை. ஒரே ஒரு தடவை கேஜை வைத்தார். இறங்கியதற்குக் காற்றடித்தார், அடித்தது நின்றதா என்று மறுபடி கேஜை வைத்தார். கோயில் மணி அடித்தபோது அவர் பாதம் சோபியாவின் இடுப்பு உயரத்தில் இருந்தது.

தோமினிக் கையைத் தாழ நீட்டினார், ஜெனிட்டா அண்ணாந்து பிடித்துக்கொண்டு நடந்தாள். அவருக்குச் செத்துவிடலாம் போலிருந்தது. பூசை முடிந்து ஆசீர்வாதம் வாங்க மாப்பிள்ளை ரூபன் குனிந்தான். கீழே கால் இல்லை.

"குனிய வேண்டாமுங்க, இங்கியே இருக்குது" என்ற ஜெனிட்டா, நின்றபடியே அப்பாவின் இரண்டு பாதங்களையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். தோமினிக் மேலிருந்து குனிந்து இருவர் நெற்றியிலும் சிலுவை வரைந்தார். அழுகை வந்தது, அழுதார். பிறகு போட்டோக்காரர் மற்றவர்களையெல்லாம் நாற்காலி மேல் ஏறி நிற்கச் சொன்னார்.