கெட்டுப்போன படங்கள்தான் வேண்டும்

செலண்டார் பக்கத்துத் தோட்டத்து மாரியம்மன் கோயில் கிழக்கு பார்த்தது. மாலையில் அதன் பின்னால் வானம் சிவக்கும்போது முன்னால் நின்று படம் எடுத்தால், வானம் நன்றாக விழும், கோபுரம் கரிக்கட்டையாகிவிடும். கோபுரம் தெரிய எடுத்தால் வானம் வெறும் வெள்ளைத் தாள். 1997 கும்பாபிஷேக மலரின் அட்டையில் இரண்டும் வேண்டும் என்றார் கோயில் செயலாளர் கந்தசாமி. வெள்ளிக்கிழமைக்குள் வராவிட்டால் மலாக்கா டவுனில் வேறு ஆளைப் பார்ப்பாராம்.

தேவமலர் ஜாசினில் ஓர் அச்சகத்தில் கணினி வேலை பார்த்தாள். கல்யாண அழைப்பிதழ் அடித்தே மூன்று வருடம் போயிருந்தது. இந்த அட்டை சரியாக வந்தால் இனிப் படவேலை எல்லாம் அவளுக்குத்தான் என்று முதலாளி சொல்லியிருந்தார்.

ஓர் ஆங்கிலப் பத்திரிகையில் வழி இருந்தது. கேமராவை அசைக்காமல் இருட்டாக ஒன்று, நடுத்தரமாக ஒன்று, வெளிச்சமாக ஒன்று எடுக்க வேண்டும். மூன்றையும் ஸ்கேன் செய்து கணினியில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, வேண்டாத இடங்களை அழிக்க வேண்டும்.

எடுத்தாள். கழுவி வந்த மூன்று படமும் ஒன்றுபோலவே இருந்தன. கேமரா கோளாறோ என்று அண்ணனின் கேமராவைக் கொண்டுபோய் மறுபடி எடுத்தாள். மறுபடியும் அப்படியே. நெகட்டிவை ஜன்னலில் தூக்கிப் பார்த்தபோது மட்டும் மூன்றும் வேறு வேறாக இருந்தன.

புதன்கிழமை படக்கடைக்குப் போனாள். படம் கழுவும் குகன் மிஷினருகே நின்றிருந்தார்.

"அண்ணே, நெகட்டிவ் மூணும் வேற வேற. படம் மட்டும் எப்படி ஒரே மாதிரி?"

"ஒண்ணு இருட்டா, ஒண்ணு வெளுத்து இருந்திச்சு, நான்தான் சரி பண்ணேன்லா. பெம்பான்ல ஒரு கல்யாணம், ஃபிளாஷே வேல செய்யல. அதையே சரி பண்ணிக் குடுத்தவன் நான்."

"சரி பண்ண வேணாண்ணே. இருக்கிற மாதிரியே போடுங்க."

"கெட்டுப்போன படமா வேணும்?"

"ஆமாண்ணே."

குகன் அவளை ஏற இறங்கப் பார்த்துவிட்டுப் போட்டுக் கொடுத்தார். கடைப் பெயர் உள்ள உறையில் வைக்கவில்லை. பழைய செய்தித்தாளில் சுற்றினார். "இங்க கழுவுனதுன்னு யார்கிட்டயும் சொல்லிடாதம்மா."

வியாழன் முழுக்க அழித்தாள். கோபுரம் வந்தது, வானமும் வந்தது. ஆனால் கோபுர விளிம்பைச் சுற்றி ஒரு வெள்ளைக் கோடும் வந்தது. விளிம்பை விட்டுத் தள்ளி அழித்தால் கோடு அகலமானது. ஒட்டி அழித்தால் கலசம் பாதி காணாமல் போனது. பத்திரிகையில் இதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

வெள்ளி காலை கந்தசாமி வந்தபோதும் கோடு அங்கேயே இருந்தது. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு திரையை உற்றுப் பார்த்தார்.

"ஐயா, அந்த வெள்ளையா இருக்கிறது..."

"ஆத்தா ஒளிம்மா! கோபுரத்தச் சுத்தி நிக்குது பாரு."

"ஒளி இல்லீங்கய்யா, என் தப்பு. சாயங்காலத்துக்குள்ள அழிச்சிடுறேன்."

"அழிப்பியா? அழிச்சா நான் டவுனுக்கே போயிடுவேன்."

பின்னால் நின்ற முதலாளி 'விடு' என்று கண்ணைக் காட்டினார். தேவமலர் விட்டாள்.

மலர் வெளியான மறுவாரம் பெம்பானிலிருந்து ஒருவர் அந்த அட்டையோடு அச்சகத்துக்கு வந்தார். "படவேலையா? தேவமலரக் கேளுங்க" என்று முதலாளி அவளிடம் அனுப்பினார்.

"எங்க முருகன் கோயிலுக்கும் இதே மாதிரி ஒளி வரணும்மா. இதவிடக் கொஞ்சம் தடிப்பா."

தேவமலர் பத்திரிகையை மறுபடி புரட்டினாள். அந்த வெள்ளைக் கோட்டை வரவழைக்கும் வழியும் அதில் இல்லை.