எட்டு நிமிஷ பேட்டரி

தையல் மெஷின் மெக்கானிக்கின் விமானம் ஒரு சனிக்கிழமை காலை ஏழரை மணிக்கு மேலே போனது. ஒன்பது வருஷமாகிறது, இன்னும் இறங்கவில்லை. பேட்டரி எட்டு நிமிஷம்தான் தாங்கும் என்று அதை விற்றவன் முன்கூட்டியே சொல்லியிருந்தான். அவனைக் குறை சொல்ல முடியாது.

மெக்கானிக்கின் மகள் ஏழு வயதில், மூன்று நாள் காய்ச்சலில் இறந்துபோனாள். அன்று கவிழ்ந்த அவருடைய மனைவியின் தலை பிறகு நிமிரவில்லை. கழுத்தில் ஒரு கோளாறும் இல்லை என்று டாக்டர் எழுதிக் கொடுத்தார். தரையைப் பார்த்தே சமைத்தாள், தரையைப் பார்த்தே துணிக் கம்பெனிக்குப் போய்வந்தாள். அவள் பார்த்துப் பார்த்து அடுப்படித் தரையில் இரண்டு குழிகள் விழுந்தன. மெக்கானிக் சிமென்ட் பூசி அடைத்தார். மறுவாரமே திரும்ப விழுந்தன. அவருக்குக் கை ஓடவில்லை, கால் ஓடவில்லை. முதலில் ஒரு பட்டம் விட்டுப் பார்த்தார். அவள் ஒரு நொடி நிமிர்ந்தாள், அவ்வளவுதான். பார்வை நூலைப் பிடித்துக்கொண்டே சரசரவென்று இறங்கித் தரைக்கு வந்துவிட்டது. நூல் இல்லாமல் பறக்கிற ஒன்று வேண்டும் என்று அவருக்கு அப்போதுதான் உறைத்தது.

ரிமோட் விமானத்தின் விலையைக் கடையில் கேட்டவர், ஒரு டம்ளர் தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டுத் திரும்பினார். பிறகு தானே செய்தார். ஃபிரிட்ஜ் அட்டைப்பெட்டிக்குள் வரும் தெர்மாகோலில் இறக்கை, சைக்கிள் கம்பியில் வால் இழுக்கும் குச்சி, ஆன்டெனா ஒடிந்த பழைய ரிமோட். முன்பக்கம் கனம் போதாமல் நாலு பாபின்களை டேப் போட்டு ஒட்டினார். ஓட்டக் கற்றுக்கொண்டது போன் வீடியோவில். தினமும் முதலிலிருந்து பார்ப்பார். தினமும் விமானத்தை இறக்கும் கட்டம் வருவதற்குள் அன்றைய டேட்டா தீர்ந்துவிடும். ஏற்றத் தெரிந்தவனுக்கு இறக்கவா தெரியாது என்று விட்டுவிட்டார். அவர் செய்த ஒரே தப்பு அதுதான்.

விமானம் கிளம்பியது, அவள் நிமிர்ந்தாள். மெக்கானிக் வாய்விட்டு அழுதார். எட்டு நிமிஷம் ஆயிற்று, மதியம் ஆயிற்று, வாரம் ஆயிற்று. இறக்கத் தெரியாதவர் கையில் இருந்ததால் விமானம் இறங்கவில்லை. அவளும் பார்வையை எடுக்கவில்லை. துணிக் கம்பெனியில் கூரையைப் பார்த்தபடி தைத்தாள்; விமானம் எங்கே சுற்றுகிறதோ அந்தத் திசைக்கு முகம் மெதுவாகத் திரும்பும். சூப்பர்வைசர் ஒரு வாரம் குதித்தார், தையல், நூல் பிடித்த மாதிரி நேராக இருப்பதைப் பார்த்து அடங்கினார். மெக்கானிக்கால் ரிமோட்டைக் கீழே வைக்க முடியவில்லை. தொழில் போயிற்று. அவள் சம்பளத்தில் வீடு ஓடியது. தெருவில் கொஞ்ச நாள் வேடிக்கை பார்த்தார்கள், பிறகு துணி காயப்போடப் போய்விட்டார்கள். ஒரே கூரைக்குக் கீழே இருந்தும், அவள் அவர் முகத்தைப் பார்த்து வருஷங்கள் ஆகிவிட்டன. அவருக்கு அது தாங்கவில்லை.

ஏழாவது வருஷம் அவளுடைய தம்பி அந்த வீடியோவை முழுசாக இறக்கிக்கொண்டு வந்தான். "மாமா, ரொம்ப சுலபம். வேகத்தைக் குறைங்க, மூக்கை லேசாத் தூக்குங்க, அவ்வளவுதான்" என்றான். மெக்கானிக் இரண்டு தடவை பார்த்துவிட்டு வாசலில் நின்று வேகத்தைக் குறைத்தார். விமானம் கீழே வர வர அவள் பார்வையும் கூடவே இறங்கியது: தண்ணீர்த் தொட்டி, மொட்டைமாடிச் சுவர், ஜன்னல். ஜன்னலில் நின்றது.

"ஏங்க, வேணாங்க" என்றாள். "அது இறங்கிட்டா நான் வீட்டைப் பாக்கணும்."

"என்னையும் பாப்பியே" என்றார்.

"அதான் முடியாதுங்க. பாப்பாவுக்கு உங்க முகம்."

தம்பி செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போனான். மெக்கானிக் ரிமோட்டில் இடது கட்டைவிரலை மேலே தள்ளினார். விமானம் பழைய உயரத்துக்குப் போனது, அவள் முகமும் போனது.

இப்போது அவருக்கு இறக்கத் தெரியும், இறக்குவதில்லை. போன வருஷம் அந்தப் பக்கம் செல்போன் டவர் நட வந்தவர்கள், விமானம் சுற்றும் வட்டத்தை அளந்து பார்த்து, நாற்பதடி தள்ளி நட்டுவிட்டுப் போனார்கள். அவருக்கு இரண்டு கையும் ஓயாததால் மூன்று வேளையும் அவள்தான் ஊட்டிவிடுகிறாள். தட்டை மடியில் வைத்து, வானத்தைப் பார்த்தபடி சோற்றைப் பிசைந்து கையை நீட்டுகிறாள். ஆரம்பத்தில் கன்னத்திலும் காதிலும் படும், அவர் தோளில் துடைத்துக்கொள்வார். இப்போதெல்லாம் ஒரு பருக்கைகூடச் சிந்துவதில்லை.