டோக்கன் இருநூற்றுப் பதினேழு

1988-இல் கமலத்துக்கு வயது இருபத்தைந்து. சத்துவாச்சாரியிலிருந்து தினமும் பஸ் பிடித்து ஆம்பூருக்கு வருவாள். அவள் வேலை பார்த்த தோல் தொழிற்சாலையில் அறுநூறு பேர். யார் யார் எந்த நாள் வேலைக்கு வந்தார்கள் என்பதை ஆபீஸில் இருந்த ஒரே கம்ப்யூட்டரில் ஏற்றுவார்கள். அதற்கான புரோகிராமை எழுதியவள் கமலம்தான்.

அந்தப் புரோகிராமுக்குத்தான் கெட்ட பெயர் வந்தது. மாதக் கடைசியில் நான்கைந்து பேருடைய பதிவு மாறிக் கிடக்கும். வந்தவன் வராதவனாகியிருப்பான். கல்யாணத்துக்கு ஊருக்குப் போனவன் வேலைக்கு வந்திருப்பான். "பேஜாரு புடிச்ச மெஷினு" என்று எல்லாரும் சலித்துக்கொண்டார்கள். தப்பு மெஷினுடையதா, தன்னுடையதா என்று தெரியாமல் கமலத்துக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

கடைசியில் அவளுக்கு ஒரு வழி தோன்றியது. எந்தப் புரோகிராமும் தானாகப் போய் டிஸ்க்கில் எழுதிவிட முடியாது. 'இதை எழுது' என்று, மெஷினை ஓட்டும் ஆதாரப் புரோகிராமான டாஸின் உள்மையத்தை, அதாவது கெர்னலைக் கூப்பிட வேண்டும். அந்த அழைப்பு எங்கே போய்ச் சேர வேண்டும் என்கிற முகவரி, நினைவகத்தின் அடியில் ஓர் அட்டவணையில் இருக்கும். கமலம் அந்த முகவரியை எடுத்துவிட்டு, தான் எழுதிய சின்னப் புரோகிராமின் முகவரியை அங்கே வைத்தாள். இனி எழுதச் சொல்லி வரும் ஒவ்வொரு அழைப்பும் முதலில் அவளுடைய புரோகிராமிடம் வரும். முன்னே என்ன இருந்தது, இப்போது என்ன வருகிறது, ஏற்றுவது யார், மணி என்ன என்று அது தனியாகக் குறித்துக்கொள்ளும். பிறகு வந்த அழைப்பை ஓர் எழுத்தும் மாற்றாமல் கெர்னலுக்கு அனுப்பிவிடும். கீபோர்டின் முன்னால் இருப்பவருக்கு ஒரு வித்தியாசமும் தெரியாது.

சொல்வது சுலபம். முதல் வாரம் முழுக்க மெஷின் உறைந்து உறைந்து நின்றது. குறிப்பு எழுதுவதும் எழுதும் வேலைதானே? அந்தக் குறிப்பையே அவளுடைய புரோகிராம் மறுபடி பிடித்தது. அதற்கு ஒரு குறிப்பு எழுதப் போய் அதையும் பிடித்தது. மெட்ராஸிலிருந்து ஜெராக்ஸ் எடுத்து வந்த புத்தகத்தைத் தேய்த்துத் தேய்த்துப் படித்து, தன் சொந்த அழைப்பை மட்டும் நேராகக் கெர்னலுக்கு விட்டுவிடும்படி திருத்தினாள். பத்தாம் நாள் குற்றவாளி அகப்பட்டது. அவளுடைய புரோகிராமேதான்! பக்கம் மாறும்போது ஒரு பதிவை அடுத்த ஆளின் இடத்தில் எழுதியிருந்தது. வெட்கமும் சந்தோஷமும் ஒன்றாக வந்தன. தப்பைத் திருத்தினாள். காவலுக்கு வைத்ததை மட்டும் எடுக்கவில்லை. இன்னும் ஒரு மாதம் பார்ப்போம் என்று விட்டுவைத்தாள்.

இதையெல்லாம் அவள் ஒரே ஒருவரிடம்தான் சொன்னாள். டைம் ஆபீஸ் சம்பத். திமிரி ஊர்க்காரர். தினமும் வருகையை மெஷினில் ஏற்றுகிறவர் அவர்தான். மூன்று வருஷப் பழக்கம். தை பிறந்ததும் பெண் பார்க்க வருவதாக அவர் வீட்டில் சொல்லியிருந்தார்கள். மத்தியானச் சாப்பாட்டின்போது விரலால் மேஜைமேல் கோடு போட்டுக் காட்டி, கமலம் அரை மணி நேரம் விளக்கினாள். "யாரு எத மாத்தினாலும் அதுக்குத் தெரிஞ்சிடும். பழசு அப்படியே நிக்கும்" என்றாள்.

"சூப்பரு" என்றார் சம்பத். "இந்தப் புளிசாதம் யாரு பண்ணது, அம்மாவா?"

புரட்டாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை கழிவுநீர்த் தொட்டி அடைத்துக்கொண்டது. அதைச் சுத்தம் பண்ண அருளப்பன் என்கிற தொழிலாளியை இறக்கினார்கள். அவன் டோக்கன் நம்பர் இருநூற்றுப் பதினேழு. உள்ளே விஷவாயு. தூக்கிக்கொண்டு வரும்போதே உயிர் இல்லை.

திங்கள்கிழமை கமலம் கேள்விப்பட்டது வேறு மாதிரி இருந்தது. ஞாயிற்றுக்கிழமை அருளப்பனுக்கு வேலையே கிடையாதாம். குடித்துவிட்டுச் சுவர் ஏறி வந்து விழுந்துவிட்டானாம்.

மூன்றாம் நாள் அவன் மனைவி சவுரியம்மாள் கேட் அருகே வந்து நின்றாள். அழுகை வற்றிப்போன முகம். கமலம் பஸ்ஸுக்குப் போகும் வழியில் அவள் யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தது காதில் விழுந்தது. "அவரு சாராயத்த மோந்துகூடப் பாத்தது இல்லம்மா. காலைல கோயிலுக்குக் கெளம்பினவர ஆள் அனுப்பிக் கூப்ட்டாங்க. இப்ப குடிகாரன்னு எழுதிட்டாங்களே. எம் பொண்ணு ஸ்கூலுக்குப் போமாட்டேன்னுது."

மறுநாள் காலை கமலம் முதல் வேலையாகத் தன் குறிப்பு ஃபைலைத் திறந்தாள். தேடவே வேண்டியிருக்கவில்லை. திங்கள் காலை ஒன்பது இருபது: டோக்கன் 217, ஞாயிறு, வந்தார். அதே நாள் மதியம் ஒன்று பத்து: பழையது, வந்தார், புதியது, வரவில்லை. இரண்டு வரியின் கடைசியிலும் பதிவு ஏற்றியவரின் அடையாள எழுத்து. சம்பத்.

மெஷினின் தப்பாக இருக்கக் கூடாதா என்று அப்போதுதான் முதல் தடவையாக வேண்டிக்கொண்டாள்.

சம்பத்தைக் கூப்பிட்டுக் காட்டினாள். அவர் திரையைப் பார்த்துக்கொண்டே நாற்காலியில் உட்கார்ந்தார்.

"இது எப்படி இதுல வந்துச்சி?"

"அன்னிக்கு அரை மணி நேரம் சொன்னேனே."

"சத்தியமா நான் காதுல வாங்கலை, கமலா. நீ பேசறத பாத்துனு இருந்தேன்."

அவர் பொய் சொல்லவில்லை என்று அவளுக்குத் தெரிந்தது. அதுதான் இன்னும் வலித்தது.

"மேனேஜரு பக்கத்துலயே நின்னாரு. ரிஜிஸ்டர் பக்கத்த அவரே கிழிச்சிட்டாரு. நான் பண்ணலன்னா இன்னொருத்தன் பண்ணிருப்பான்" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "அழிச்சிடு. உனக்கும் எனக்கும்தான் தெரியும். நம்ம கல்யாணத்த நெனச்சிப் பாரு" என்றார்.

"அந்தப் பொண்ணு ஸ்கூலுக்குப் போகலியாம்" என்றாள் கமலம்.

அன்று சாயங்காலமே அந்தப் பக்கத்தை அச்சடித்து, வேலூரிலிருந்து விசாரணைக்கு வந்திருந்த அரசாங்க அதிகாரியிடம் கொடுத்தாள்.

அடுத்த வாரம் கம்பெனியிலேயே விசாரணை. மேனேஜர் மெட்ராஸிலிருந்து கம்ப்யூட்டர் தெரிந்த ஒருவரைக் கூட்டி வந்திருந்தார். அந்த மெட்ராஸ்காரர் மரியாதையாகத்தான் கேட்டார்.

"உங்க புரோகிராம் கெர்னலுக்கு முன்னால நிக்குது. வர்றத அப்படியே அனுப்புதுன்னு சொல்றீங்க. மாத்தி அனுப்பணும்னு நெனச்சா முடியுமா, முடியாதா?"

முடியாது என்று சொல்லியிருக்கலாம். அந்த அறையில் அவரைத் தவிர யாருக்கும் புரிந்திருக்காது; அவரும் நிரூபிக்கச் சிரமப்பட்டிருப்பார். ஆனால் கமலத்துக்கு அது தெரிந்த விஷயம். தெரிந்ததைத் தெரியாது என்று சொல்ல வாய் வரவில்லை.

"முடியும். ஆனா நான் அப்படி எழுதலை."

"இத வெக்க யாராவது அனுமதி கொடுத்தாங்களா?"

"இல்ல."

அதிகாரி சம்பத்தைப் பார்த்தார். "நீங்க சொல்லுங்க. ஞாயித்துக்கிழமை பதிவ நீங்க மாத்தினீங்களா?"

கமலம் சம்பத்தின் முகத்தையே பார்த்தாள். ஒரு வார்த்தை போதும். மூன்று வருஷத்தில் அவரிடம் அவள் எதுவும் கேட்டதில்லை. சம்பத் சட்டைப் பையில் இருந்த பேனாவைச் சரி செய்தார்.

"இல்ல சார். இவங்க அந்தப் புரோகிராமப் போட்டதுலருந்துதான் மெஷின்ல கோளாறு."

இவங்க என்றார். கமலா என்றே கூப்பிட்டுப் பழகிய வாய்.

அருளப்பன் அன்று பணியில் இல்லை என்று முடிவாயிற்று. அனுமதியில்லாமல் மெஷினில் கைவைத்ததாகக் கமலத்தை வேலையை விட்டு நிறுத்தினார்கள். அவள் கண் முன்னாலேயே மெட்ராஸ்காரர் அந்தச் சின்னப் புரோகிராமையும் குறிப்பு ஃபைலையும் அழித்தார். ஒரு பொட்டுக் கண்ணீர் விடாமல் பார்த்துக்கொண்டு நின்றாள்.

வீட்டுக்குப் போகும் பஸ்ஸை விட்டுவிட்டு, வழி கேட்டுக் கேட்டு சவுரியம்மாள் வீட்டுக்குப் போனாள். அச்சடித்ததன் இன்னொரு பிரதி அவள் பையில் இருந்தது. சவுரியம்மாளுக்குப் படிக்கத் தெரியாது.

"இதுல எங்கம்மா அவரு பேரு?"

"பேரு இல்லம்மா, நம்பருதான். இதான் இருநூத்திப் பதினேழு. இது ஞாயித்துக்கிழமை. வந்தாருன்னு போட்டிருக்கு. கீழ அத மாத்தி எழுதிருக்கு."

சவுரியம்மாள் அந்த வரிமேல் விரலை வைத்தாள். எடுக்கவில்லை. "அப்ப அவங்களுக்கே தெரியும். தெரிஞ்சுதான் சொல்றாங்க."

"ஆமா."

"கீழ மாத்தி எழுதிருக்குன்னியே, அது யாரு?"

கமலம் பேர் சொல்லத்தான் வாயைத் திறந்தாள். "நான் கட்டிக்க இருந்தவரு" என்று வந்துவிட்டது. சொன்ன பிறகு அவளால் அடக்க முடியவில்லை. கேட்டிலும் விசாரணையிலும் வராத அழுகை, புருஷனைப் பறிகொடுத்து இருபது நாள்கூட ஆகாத ஒருத்தியின் முன்னால் வந்து கொட்டியது. வெட்கமாக இருந்தது, நிறுத்தவும் தெரியவில்லை.

சவுரியம்மாள் காகிதத்தை மடித்து ஜெபப் புத்தகத்துக்குள் வைத்தாள். பிறகு வந்து பக்கத்தில் உட்கார்ந்து அவளும் அழுதாள். இருட்டும்வரை இரண்டு பேரும் அப்படியே இருந்தார்கள்; விளக்குப் போடக்கூட யாரும் எழுந்திருக்கவில்லை.