குள்ளர் வீட்டு வெயில்

ஜூன் மாதம் பிறந்தாலே நிர்மலாவுக்குக் கருணாபுரத்தில் இருப்புக்கொள்வதில்லை. அங்கே விஷச்சாராயம் குடித்து இறந்தவர்களில் அவள் கணவன் சின்னதுரையும் ஒருவன். இரண்டு வருடமாகிறது. நினைவுநாள் என்று மாலையும் கேமராவுமாக ஆட்கள் வருவதற்கு முன்பே, பிள்ளைகளைத் தன் அம்மாவிடம் விட்டுவிட்டுக் கரியாலூர் மலைக்கு வந்துவிட்டாள். காசியம்மாளின் மரவள்ளிக் காட்டில் களையெடுக்கும் வேலை. தங்குவதும் அவள் வீட்டில்தான்.

காட்டின் மேல்கோடியில் ஒரு மேடு இருந்தது. குவிந்த கற்களுக்கு நடுவே நான்கு பலகைக்கற்களை நிறுத்தி, மேலே ஒரு பெரிய கல்லால் மூடியிருந்தார்கள். கிழக்குக் கல்லில் வட்டமாக ஓர் ஓட்டை.

"குள்ளர் வூடுன்னு சொல்லுவோம்," என்றாள் காசியம்மாள். "அந்தக் காலத்துல செத்தவங்கள வச்ச எடமாம். பகலு ரொம்ப நீளமா வருதில்ல, அந்த நாலஞ்சி நாளுதான் ஓட்ட வழியா வெயிலு உள்ள போவும். காலைல பாக்க வரியா?"

விடியும் முன் இருவரும் ஏறினார்கள். தூறலில் புல் நனைந்திருந்தது. மேட்டில் உட்கார்ந்ததும் நிர்மலா தானாகவே பேசினாள்.

"எங்க ஆளுக்கு இப்பிடி ஒரு கல்லுகூட இல்லக்கா. அன்னிக்கி மழ. வரிசையா வச்சி எரிச்சாங்க. மறுநாளு போனா சாம்பலெல்லாம் கலந்து கெடக்குது. யாருதுன்னு தெரியாமலே ஒரு பிடி அள்ளிக்கினு போயி ஆத்துல வுட்டேன்."



வடகிழக்கே மலைமுகட்டில் மேகம் விலகியது. ஓட்டையின் விளிம்பு சிவந்தது. பிறகு வெளிச்சம் உள்ளே நுழைந்து பின்கல்லில் ஒரு தட்டு அளவுக்கு விழுந்தது. பக்கக்கல் பிளந்திருந்த இடத்தில் நிர்மலா கண்ணை வைத்துப் பார்த்தாள். மண்ணும் சருகும்தான்.

"உள்ள ஒண்ணுமே இல்லியேக்கா."

"பொதையல் தேடி எவனோ எப்பவோ வாரிக்கினு பூட்டான். எலும்பக்கூட வுடல."

நிர்மலா அந்தப் பிளவிலிருந்து முகத்தை எடுக்கவில்லை. உள்ளே யாரோ இருப்பதுபோல் பேசினாள்.

"காலைல எந்தலைல கைய வச்சி சத்தியம் பண்ணியே, குடிக்க மாட்டேன்னு. சாயங்காலம் ஏன்யா போன? புள்ளைங்க கேக்குதுங்க, நான் இன்னா சொல்றது? சொல்லுய்யா!"

செத்தவனைத் திட்டாதே என்று ஊரே அவள் வாயை அடைத்திருந்தது. இரண்டு வருடமாக நெஞ்சில் கிடந்ததெல்லாம் கத்தலாக வந்தது, பிறகு அழுகையாக. காசியம்மாள் தேற்ற வரவில்லை. சற்றுத் தள்ளி, பள்ளத்தாக்கைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். வெளிச்சம் பின்கல்லை விட்டு இறங்கிய பிறகுதான் நிர்மலா எழுந்து முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

அன்று மதியம் கஞ்சி குடிக்கும்போது சின்னதுரை எப்படிச் சிரிப்பான் என்று சொன்னாள். சாயங்காலம் மகன் தமிழழகனுக்குப் போன் போட்டு, சனிக்கிழமை வீட்டுக்கு வந்துவிடுவதாகச் சொன்னாள்.