துவக்கின் கண்

கமலேஸ்வரி றேடியோக்களை ஒவ்வொன்றாகத் தூக்கி முற்றத்தில் கொண்டுபோய் வைத்துக்கொண்டிருந்தாள். புருசனைக் கிடத்த வீட்டில் வேறு இடமில்லை. கதிராமன் செத்தாலும் செத்தார், இலங்கைத்துறையில் பாதிப் பேருடைய றேடியோ அவருடைய மேசைக்குக் கீழேதான் கிடந்தது. மூடி கழற்றியது, வயர் தொங்குவது, குமிழ் இல்லாதது என்று ஒரு கூட்டம். ஒப்பாரி வைக்க வந்த பெண்களில் இரண்டு பேர், அழுகைக்கு நடுவிலேயே தங்கள் தங்கள் றேடியோவை அடையாளம் கண்டு ஓரமாக ஒதுக்கி வைத்துக்கொண்டார்கள். யாரைக் குறை சொல்ல? சாமான் அவர்களுடையதுதானே.

மேசையில் கடைசியாகக் கிடந்தது அந்தத் துவக்கு. சாம்பல் நிறப் பிளாஸ்ரிக், பின்னால் நீளமாக ஒரு வயர். அதைத் தொடவே அவளுக்குக் கை கூசியது. வயரில் பிடித்துத் தூக்கி மூலையில் போட்டாள்.

ஆறு மாதத்துக்கு முன் வந்த சனியன் அது. சமாதானம் வந்து பாதை திறந்த இரண்டாம் வருசம். இயக்கத்துப் பெடியள் வாசிகசாலைக்கு ஒரு ரீவியும் ஜெனறேற்றரும் ஒரு விளையாட்டுப் பெட்டியும் கொண்டுவந்து இறக்கினார்கள். ரீவிக்குள் மதிலுக்குப் பின்னாலிருந்து ஆமிக்காரன் தலையை நீட்டுவான். இந்தத் துவக்கை நீட்டி விசையை அமத்தினால் விழுவான், மூலையில் இலக்கம் ஏறும். யாருக்கு எத்தனை என்று இயக்கத்துப் பொறுப்பாளர் ஒரு கொப்பியில் பெயரோடு எழுதுவார். அவ்வளவுதான், ஊரில் ஒரு பெடியன் பள்ளிக்கூடம் போகவில்லை, ஒரு பெடியன் வலை இழுக்கப் போகவில்லை. கொப்பியில் முதலாவதாக நின்ற மூன்று பேரும் இரண்டு மாதத்துக்குள் வீட்டில் இல்லை. மூன்றாவது போனவன் முத்தன், கதிராமனுடைய தங்கை கனகம்மாவின் மகன்.

அந்தப் பெட்டியை ரீவியோடு பொருத்தி முதன்முதலில் ஓட வைத்தவர் வேறு யாருமில்லை, கதிராமன்தான். "உங்கட கைதானே அண்ணை அதுக்கு உயிர் குடுத்தது!" என்று கனகம்மா முற்றத்தில் நின்று மண்ணை அள்ளித் தூற்றிவிட்டுப் போனாள். அடுத்த கிழமையே துவக்கு பழுதென்று வீட்டுக்கு வந்தது. அன்றிலிருந்து மூன்று மாதமாக, பின்னேரமானால் மனுசன் அதன் மேல் கவிழ்ந்தபடி ஈயம் உருக்கிக்கொண்டிருந்தார்.

கமலேஸ்வரிக்குப் பொறுக்கவில்லை. தங்கையின் பிள்ளையைக் கொடுத்தது போதாதென்று ஊரில் மிச்சமிருக்கும் பிள்ளைகளுக்கும் திருத்துகிறாரா? அதுவும் யாரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு? சொந்த மகனை. பதினாறு வயது சித்திரவேல், "அப்பா, எப்ப சரிவரும்? எப்ப சரிவரும்?" என்று மேசையைச் சுற்றிச் சுற்றி வந்தான். கொப்பியில் இப்போது முதல் பெயர் அவனுடையது. "இது சரிவந்த உடன ஒருக்கா அடிச்சுக் காட்டிப்போட்டு நான் இயக்கத்துக்குப் போயிருவன்," என்று முதல் கிழமையிலேயே ஒருநாள் சோற்றுக் கோப்பைக்கு முன்னால் இருந்தே சொன்னான். பெற்றவளுக்கு எப்படி இருக்கும்? அன்றைக்கு அவள் புருசனோடு கதையை நிறுத்தினாள். சோறு போட்டாள், வெந்நீர் வைத்தாள், இழுப்பு வந்தால் நெஞ்சில் தைலம் பூசினாள். வாய் மட்டும் திறக்கவில்லை.

இன்று விடிய அந்த இழுப்புத்தான் அவரைக் கொண்டுபோனது. மூச்சு முட்டுகிற நேரத்தில் தலையணைக்குக் கீழேயிருந்து பழைய பொடி டப்பியை எடுத்து அவளிடம் நீட்டினார். மறுபடி மறுபடி நீட்டினார்.

"சாகக் கிடக்கேக்கையும் பொடியோ?" என்று அவள் அதைத் தட்டிவிட்டாள்.

மூன்று மாதத்தில் அவரோடு அவள் பேசிய முதல் வார்த்தை அது. கடைசி வார்த்தையும் அதுவாகவே போயிற்று. உடலைத் தூக்கும்போது டப்பி பாயில் கிடந்தது. எடுத்து மடியில் செருகிக்கொண்டாள். அது அங்கே கிடந்து இடுப்பைக் குத்திக்கொண்டே இருந்தது.

பத்து மணிபோல தோப்பூரிலிருந்து ஸெய்னுதீன் மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினார். கதிராமனுக்கு இருபது வருசமாக றேடியோச் சாமான் கொடுக்கிற கடைக்காரர். உடலுக்கு முன்னால் கொஞ்ச நேரம் தொப்பியைக் கையில் கசக்கியபடி நின்றார். பிறகு குசினிப் பக்கம் வந்து குரலைத் தணித்தார்.

"தங்கச்சி, அந்தக் கண்ணை எங்க வெச்சிட்டுப் போனார்?"

"எந்தக் கண், நானா?"

"உங்களுக்குச் சொல்லல்லையா?" அவர் முற்றத்தை ஒருதரம் திரும்பிப் பார்த்தார். "துவக்குட கண். பயறளவு கண்ணாடிச் சாமான் ஒண்டு. அதாலதான் துவக்கு ரீவியைப் பார்க்கும். அது இல்லாட்டி ராப்பகலா அமத்தினாலும் ஒருத்தன் விழமாட்டான். முத்தன் போன மற்றக் கிழமையே அதைக் கழட்டிட்டார். என்னட்ட வந்து, 'நானா, பெடியள் வந்து கேட்டா தோப்பூர்லயும் இல்ல, திருகோணமலையிலயும் இல்லயெண்டு சொல்லு' எண்டார். நானும் அல்லாவுக்குப் பயந்து பயந்து மூணு மாசமா அந்தப் பொய்யைச் சொல்லிக்கொண்டிருக்கன்."

"அப்ப... ஒவ்வொரு நாளும் திருத்தினவரே?"

"என்னத்தைத் திருத்தினார்! வெறும் ஈயத்தை உருக்கி உருக்கிப் புகையை விழுங்கினார். இழுப்புக்காரன் செய்ற வேலையா அது? சொன்னாக் கேட்டால்தானே. அது அவங்கட கண்ணில பட்டுதெண்டா உங்களை விடமாட்டாங்கள், தங்கச்சி. தேடிப் பாருங்க."

கமலேஸ்வரியின் கை மடிக்குப் போனது. பொடி! மனுசன் பொடியை விட்டு ஒரு வருசம் ஆகிறதே. மூதூர் டொக்டர் ஏசின ஏச்சில் அன்றைக்கே விட்டவராயிற்றே. எனக்கு ஏன் அது தோன்றாமல் போனது?

மடியிலிருந்து டப்பியை எடுத்துத் திறந்தாள். பழைய பொடி கட்டிபட்டுக் கிடந்தது. விரலை விட்டுக் கிளறினாள். அடியில் ஏதோ கடினமாகத் தட்டுப்பட்டது. எடுத்துப் பார்த்தால், இரண்டு கம்பிக் கால்களோடு பயறளவு கண்ணாடி. அதை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு அவள் அப்படியே அடுப்படியில் குந்திவிட்டாள். அழுகை வருமென்று நினைத்தாள். வந்தது ஒரு பெருமூச்சு. மூன்று மாதமாக நெஞ்சுக்கு மேலே கிடந்த அம்மிக்கல்லை யாரோ இறக்கி வைத்த பெருமூச்சு. அவர் அப்படிப்பட்டவர் இல்லை, அவர் அப்படிப்பட்டவர் இல்லை என்று அதையே திரும்பத் திரும்ப மனதுக்குள் சொன்னாள்.

வாசலில் இன்னொரு மோட்டார் சைக்கிள் வந்து நின்றது. அவள் கையை மூடிக்கொண்டாள்.

பொறுப்பாளருக்கு இருபத்திமூன்று, இருபத்திநாலு வயதிருக்கும். மடிப்புக் கலையாத சேட்டு, பணிவான கதை. உடலின் காலடியில் ஒரு மலர்வளையம் வைத்துத் தலை குனிந்து நின்றார். பெண்களின் ஒப்பாரி தானாகவே தணிந்தது.

"பிழையா நினைக்காதேங்கோ அம்மா. வாசிகசாலைச் சாமான் ஒண்டு ஐயாவிட்டக் கிடக்குது. நாளைக்கு வன்னிக்கு வாகனம் போகுது. அங்க திருத்துற ஆள் இருக்கு."

கமலேஸ்வரி மூலையைக் காட்டினாள். அவர் துவக்கை எடுத்துப் பார்த்தார். ஆணிகள் ஏற்கெனவே கழற்றப்பட்டிருந்தன. மூடியைப் பிரித்து வெளிச்சத்தில் பிடித்தவர் புருவத்தைச் சுருக்கினார்.

"இதுக்குள்ள கண்ணாடி மாதிரி ஒண்டு இருக்கவேணும். அது இருந்தா ஒரு மணித்தியால வேலை எண்டு அங்க சொன்னவை."

கூட வந்தவன் மேசை லாச்சியை இழுத்தான். தகர டப்பாக்களை ஒவ்வொன்றாகச் சுளகில் கவிழ்த்தான். ஆணி, சுருள், துண்டு வயர், உடைந்த குமிழ். ஸெய்னுதீன் வேலியோரம் நின்று தொண்டையைச் செருமிக்கொண்டே இருந்தார். கமலேஸ்வரியின் மூடிய கைக்குள் கண்ணாடியின் கம்பிக் கால்கள் குத்தின. கையைச் சேலைக்குள் விட்டால் சந்தேகம், விடாவிட்டாலும் சந்தேகம். என்ன செய்வாள்?

அந்த நேரம் பார்த்துத்தான் சித்திரவேல் கிணற்றடியிலிருந்து வந்தான். கொள்ளி வைக்கிறவனென்று முழுக வைத்து, ஈர வேட்டியோடு கூட்டி வந்தார்கள்.

"தம்பி, நீதானே எந்நேரமும் ஐயாவுக்குப் பக்கத்தில நிண்டனீ," என்றார் பொறுப்பாளர். "இதுக்குள்ள இருந்த கண் எங்க?"

சித்திரவேல் பிரித்த துவக்கைப் பார்த்தான். சுளகைப் பார்த்தான். அந்தக் கண்ணுக்காக அவன் தேடாத டப்பா அந்த வீட்டில் இல்லை. இப்போது அவன் பார்வை தாயின் மூடிய கையில் வந்து நின்றது. விரலிடுக்கெல்லாம் மண்ணிறப் பொடி. அவளுடைய மடியில் அரைகுறையாய்ச் செருகியபடி அப்பாவின் டப்பி.

அவனுக்கு விளங்கிவிட்டது. விளங்கிவிட்டது என்று தாய்க்கும் தெரிந்தது. அவன் வாயிலிருந்து வரப்போகிற ஒரு சொல்லுக்காக அவள் காத்து நின்றாள். நேற்று வரைக்கும் அந்தத் துவக்குக்காக உயிரை விட்ட பெடியன். சித்திரவேலாயுத சாமி, என் பிள்ளைக்கு நல்ல புத்தியைக் கொடு.

"அது இஞ்ச வரேக்குள்ளயே வெடிச்சுத்தான் கிடந்தது, அண்ணை," என்றான் சித்திரவேல். "அப்பா அண்டைக்கே குப்பையில எறிஞ்சிட்டார். வேற கிடைக்குமோ எண்டுதான் இவ்வளவு நாளும் பாத்துக்கொண்டிருந்தவர்."

"உண்மையோ?"

"ஓம் அண்ணை. நான்தான் குப்பையைக் கொண்டுபோய்க் கொட்டினனான்."

கடவுளே, எவ்வளவு லாவகமாகச் சொல்கிறான்! பொறுப்பாளர் அவனையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு துவக்கின் மூடியைப் பொருத்தி, வயரைச் சுற்றினார்.

"சரி. நீ பேர் தந்தனீ எல்லோ?"

"தந்தனான். ஆனா நான் ஒரே பெடியன். முப்பத்தோராம் நாள் வரைக்கும் துடக்கு. அண்டைக்கு அந்தியேட்டிக்குக் கன்னியாவுக்குப் போகவேணும். வெந்நீர்க் கிணத்தடியிலதான் எங்கட ஆக்கள் செய்யிறது." அவன் நிமிர்ந்து பார்த்தான். "கன்னியா ஆமிப் பக்கம். எனக்கும் அம்மாவுக்கும் வெளிய போகப் பாஸ் தரவேணும், அண்ணை."

செத்த வீட்டில், பிணத்துக்கு முன்னால், கொள்ளி வைக்கப் போகிற பிள்ளை கேட்கிறான். ஊர் முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்கிறது. எவரால் மாட்டேன் என்று சொல்ல முடியும்? பொறுப்பாளர் சேட்டுப் பையிலிருந்து பேனையை எடுத்தார்.

"ரெண்டு நாளைக்குத்தான்," என்று எழுதிக் கிழித்துக் கொடுத்தார். "செய்துபோட்டு நேர வந்து என்னைச் சந்திக்கவேணும்."

"ஓம் அண்ணை."

மோட்டார் சைக்கிள் போனது. பின்னால் இருந்தவனின் கையிலிருந்து துவக்கின் வயர் அவிழ்ந்து மணலில் இழுபட்டுக்கொண்டு போனது. அது வாசிகசாலை வளைவில் மறைந்தது. ஸெய்னுதீன் வேலிக் கதியாலில் முதுகைச் சாய்த்து முகத்தைத் துடைத்தார்.

சித்திரவேல் தாய்க்குப் பக்கத்தில் வந்து நின்றான். அவன் உடம்பு நடுங்கிக்கொண்டிருந்தது. கிணற்றுத் தண்ணீர்க் குளிர் என்று மற்றவர்கள் நினைத்திருப்பார்கள்.

"அப்பா ஏனம்மா என்னட்டச் சொல்லேல்ல?"

"என்னட்டயும் சொல்லேல்ல, மனே."

"நான் கன்னியாவுக்குப் போனா திரும்பி வரேல்ல."

"வராத," என்றாள் கமலேஸ்வரி. "நானும் வரேல்ல. ஸெய்னுதீன் நானா கடையில றேடியோ திருத்த உனக்கொரு மேசை தருவார்."

பறை அடித்தது. வாய்க்கரிசிக்குப் பெண்களைக் கூப்பிட்டார்கள். கனகம்மா முதலில் போட்டாள். மூன்று மாதமாக அண்ணன் வீட்டுப் படி மிதிக்காதவள், அரிசியைப் போட்டுவிட்டு அவர் முகத்தைப் பாராமலே விலகினாள். அடுத்தது கமலேஸ்வரி. முதல் பிடி, இரண்டாம் பிடி. மூன்றாம் பிடிக்கு வலது கையை அரிசிக்குள் ஆழ விட்டாள். அரிசியோடு அரிசியாகப் பயறளவு கண்ணாடி ஒன்றும் கதிராமனுடைய வாய்க்குள் போனது. உதட்டில் ஒட்டிய இரண்டு அரிசியை விரலால் உள்ளே தள்ளிவிட்டாள்.

"பத்திரமாக் கொண்டு போங்கோ," என்றாள். அதற்கு எல்லாரும் ஓவென்று அழுதார்கள்.

பாடை தூக்கினார்கள். சித்திரவேல் கொள்ளிச்சட்டியோடு முன்னால் நடந்தான். பெண்கள் படலை வரைக்கும் போய் நின்றார்கள். பறைச் சத்தம் களப்புக்கரைப் பக்கமாகத் தேய்ந்துகொண்டே போனது.

கமலேஸ்வரி கண்ணைத் துடைக்கக் கையைக் கொண்டுபோனாள். விரலில் இருந்த பொடி மூக்கில் ஏறியதுதான் தாமதம், தும்மல் வந்தது. ஒன்று, இரண்டு, மூன்று. செத்த வீடு முழுக்கக் கேட்கிற தும்மல்.

"நூறு!" என்றாள் கனகம்மா, பழக்கத்தில். சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

அவ்வளவுதான். கமலேஸ்வரிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வாயைச் சேலைத் தலைப்பால் பொத்தினாள், தோள் குலுங்கியது, கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. பாவம், புத்தி பேதலித்துவிட்டது என்று பெண்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். நாலாவது தும்மலும் வந்தது.

அவள் நாத்தனாரின் கையைப் பிடித்து முற்றத்துக்கு இழுத்தாள். வெயிலில் வரிசையாக இருந்த றேடியோக்களுக்கு நடுவில் அவளை இருத்தினாள்.

"இரு மச்சாள்," என்றாள். "கொண்ணன்ட கதை ஒண்டு சொல்லவேணும்."