சந்தனம் பூசிய கியர்பாக்ஸ்

"அந்த ஹெலிகாப்டரைக் கிளப்ப வேண்டாம்னு சொல்லுங்க சார்," என்றேன்.

முதலாளி வெங்கிடராமனிடம் எதை வேண்டுமானாலும் கேள், பறப்பதை நிறுத்தச் சொல்லி மட்டும் கேட்காதே என்று நான் வேலைக்குச் சேர்ந்த அன்றே எச்சரித்தவர், தலைமை மெக்கானிக் செல்லதுரை அண்ணாச்சி. இப்போது பக்கத்தில்தான் நின்றார்.

கொச்சி மட்டாஞ்சேரியில் பழைய மிளகுக் கிடங்கு ஒன்றின் மாடிதான் எங்கள் அலுவலகம். இங்கே பழுதுபார்த்துக் கப்பலேற்றும் கியர்பாக்ஸ், அண்டார்டிகாவில் பறக்கும். இன்று காலை முழுதாகப் பறக்கவில்லை. ஆயில் எச்சரிக்கை விளக்கு எரிந்து, ஆய்வு நிலையத்திலிருந்து நூற்றெண்பது கிலோமீட்டர் தள்ளி ஹெலிகாப்டர் பனியில் இறங்கிவிட்டது. விமானி சுதர்ஷனும் இன்னும் இரண்டு பேரும் கூடாரத்துக்குள் விறைத்துக் கிடக்கிறார்கள். ஆயில் மட்டம் பார்க்கும் கண்ணாடியைப் படமெடுத்து அனுப்பியிருந்தார்கள். மஞ்சளாக, முக்கால் மட்டம். விளக்குதான் பொய் சொல்கிறதென்று முதலாளி தீர்ப்பளித்துவிட்டார். 'பறக்கலாம்' கடிதத்தில் இன்ஜினியரான என் கையெழுத்து மட்டும் பாக்கி.

"ஆயில் இருக்கல்லோ மோளே, பின்னே எந்தா?" என்றார் முதலாளி, பாதி மலையாளத்தில்.

"அது ஆயில் இல்லை சார். சந்தனம்."

ஆயுதபூஜையன்று பொட்டு வைக்க அண்ணாச்சி இடம் தேடினார். கியர்பாக்ஸில் நெற்றி மாதிரி வட்டமாக இருந்தது அந்தக் கண்ணாடி ஒன்றுதான். துடைக்கப் போன என்னிடம், சாமி காரியத்தில் கைவைக்காதே என்றார். நானும் துணியைக் கீழே வைத்தேன். வீட்டின் முதல் பட்டதாரி அல்லவா, கீழ்ப்படிதல் நன்றாக வரும்.

போனில் படத்தைப் பெரிதாக்கி நீட்டினேன். "ஆயிலுக்குக் கட்டைவிரல் ரேகை இருக்குமா சார்?"

அண்ணாச்சி தன் கட்டைவிரலைப் பேன்ட் பைக்குள் பத்திரப்படுத்தினார்.

"ஒரு பொட்டுக்காகக் கான்ட்ராக்டை விடணுமாக்கும்?" முதலாளிக்கு மூச்சு வாங்கியது. "உங்கப்பன் கீழே மிளகுச்சாக்கு சுமந்த காலத்துல, என் முன்னாடி வாயைத் திறந்ததே இல்லை."

"அவர் வாயில பீடி இருந்துச்சு சார்."

"சங்கரி, ஒரு கையெழுத்துதானேம்மா," என்றார் அண்ணாச்சி. "சாமி பார்த்துக்கும்."

"சாமிக்கு லைசென்ஸ் இல்லை அண்ணாச்சி. எனக்குத்தான் இருக்கு. விளக்கு நிஜம். ஆயில் ஒழுகிப் போச்சு. கிளப்பினா பாதி வழியில கியர்பாக்ஸ் இறுகிடும். மூணு பேரும் கல்லு மாதிரி விழுவாங்க."

முதலாளி பேனாவை என் பக்கம் உருட்டினார். "சாயா குடிச்சிட்டு நிதானமா யோசி. பத்து நிமிஷம் தரேன்."

என்ன ஒரு தாராளம். கடிதத்தைக் கையெழுத்தில்லாமலே மடித்துப் பையில் போட்டுக்கொண்டேன். நிலையத்தின் வயர்லெஸ் அறை எண் என் போனில் இருந்தது. முதலாளியின் அறையில் சிக்னல் கிடைக்காது.

படியிறங்கினேன்.