லோர்னாவின் அப்பாவைக் கூப்பிட்டது

கனடாவின் சஸ்காட்செவன் மாகாணத்தில் டோரீன் பெட்ரிக் நடத்திய 'செய்து பார்' என்ற டிவி கைவேலை நிகழ்ச்சியில், வீட்டிலிருந்து பார்க்கும் குழந்தைகளின் பதில்கள் ஸ்டூடியோவுக்குள் கேட்கத் தொடங்கியது 1968இல், கோதுமை அறுவடை முடிந்த வாரம். "பசை இருக்கா, குழந்தைகளா?" என்று கேட்டு, வழக்கம்போல் சற்று நிறுத்தினாள். "இருக்கு!" என்று பாதி மாகாணம் கூரையிலிருந்து கத்தியது. ஒலியைக் கவனிக்கும் க்ளென் கம்பிகளை எல்லாம் மாற்றிப் பார்த்தார்; பிறகு குரல்கள் ஒளிபரப்பில் வெளியே போகாதபடி ஒரு பொத்தானைத் திருகி அடக்கிவைத்தார். மேலாளர் மெக்கேலம் ஒரு விதி போட்டார். "காதுல விழட்டும். பதில் மட்டும் பேசிடாதே. ஒருத்தனுக்குச் சொன்னா எல்லாருக்கும் சொல்லணும். அப்புறம் எப்ப ஒட்டுறது, எப்ப வெட்டுறது?"

டோரீன் விதியைக் காத்தாள். பல் விழுந்ததையும் பக்கத்து வீட்டுச் சண்டையையும் பிள்ளைகள் சொல்லக் கேட்டபடி காகிதம் மடித்தாள். நாய் செத்துப்போனதைச் சொன்ன ஒருவனுக்கு மட்டும் கேமராவைப் பார்த்துத் தலையசைத்தாள். இப்படியே சில குளிர்காலங்கள் போயின. பிறகு ஒரு பனிப்புயல் பிற்பகலில், முட்டை அட்டையில் காற்றாடி செய்துகொண்டிருந்தபோது, ஒரு சிறுமியின் குரல் தனியாகக் கேட்டது.

"மிஸ் டோரீன், நான் லோர்னா. எங்கப்பா மாட்டுக்கொட்டகைக்குப் போனவரு இன்னும் வரல. அம்மா டவுன்ல இருக்காங்க. போனும் செத்துப்போச்சு. வெளியே எல்லாம் வெள்ளையா இருக்கு."

கொட்டகைக்கும் வீட்டுக்கும் நடுவே வழி தெரியாமல் உறைந்துபோனவர்களை அந்தப் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். டோரீன் கத்தரிக்கோலைக் கீழே வைத்தாள்.

"லோர்னா, நீ வெளியே போகவே கூடாது. குழந்தைகளா, மாட்டுக்கொட்டகைக்குப் போன லோர்னா அப்பாவுக்கு, இந்தப் பனியில வீடு எந்தப் பக்கம்னு தெரியணும். என்ன செய்யலாம்?"

கண்ணாடிக்குப் பின்னால் மெக்கேலம் நெற்றியில் அடித்துக்கொண்டார். பிள்ளைகளின் குரல் எல்லா வீட்டுக்கும் கேட்கும்படி க்ளென் பொத்தானைக் கொஞ்சம் திறந்துவிட்டார்.

"பாத்திரத்தைத் தட்டு!"

"காத்து முழுங்கிடும்டா."

"மாட்டை அனுப்பித் தேடச் சொல்லு!"

"மாடு அவர்கிட்டதானே இருக்கு, மக்கு!"

கடைசியில் சளி பிடித்த ஒரு குரல் சொன்னது: "அட்டையைப் பெரிய கூம்பா சுருட்டி டிவியில சத்தம் வர்ற இடத்துல ஒட்டு. கதவுகிட்டத் தள்ளிட்டுப் போய்த் திறந்து வை. நாங்க கத்துறோம்."

அட்டையைச் சுருட்டும் விதத்தை டோரீன் செய்து காட்டினாள். டிவிக்குச் சக்கரம் இருப்பதாகவும், ஒட்டியாயிற்று என்றும் லோர்னா சொன்னாள். க்ளென் யாரையும் கேட்காமல் பொத்தானைக் கடைசிவரை திருகினார். "லோர்னா அப்பா! இந்தப் பக்கம்!" என்று மாகாணத்துப் பிள்ளைகள் தொண்டை கட்டும்வரை கத்தினார்கள். டோரீனும் கத்தினாள். மெக்கேலமும் கத்தியதாகக் க்ளென் பின்னாளில் சொல்வார்.

பூட்ஸ் சத்தம் கேட்டது. பிறகு ஒரு ஆணின் குரல், பற்கள் தந்தியடிக்க: "யாரு இந்தக் கூட்டமெல்லாம்? கதவைச் சாத்து லோர்னா, வீடு பூரா பனி."

டோரீன் தரையில் உட்கார்ந்துவிட்டாள். கேமரா கொஞ்ச நேரம் வெறும் மேஜையைக் காட்டியது. சோப்புத்தூள் விளம்பரம் தவறிப்போனதற்காக மெக்கேலம் கடிந்துகொண்டார். விதியைப் பற்றி அதன் பிறகு அவர் பேசவில்லை.

அடுத்த வாரம் பொம்மலாட்ட மேடை செய்தார்கள். எல்லாம் இருக்கிறதா என்று டோரீன் கேட்டபோது, சின்னக் குரல்களுக்கு நடுவே, இந்த முறை பற்கள் தந்தியடிக்காமல், அந்தக் கட்டைக் குரல் வந்தது.

"அட்டை இருக்கும்மா. பசைதான் தீர்ந்துபோச்சு."

"மைதாவைத் தண்ணியில கரைச்சுக் காய்ச்சுங்க சார்," என்றாள் டோரீன். "நாங்க காத்திருக்கோம்."